பெட்டைக்குட்டி யாருக்கு?

(இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



என்னைப் பேசும்படி பணித்த செயலாளர் "சீவகாருண்யம்" என்னும் பொருளைத் தந்தார். புத்தர்பிரானும் வடலூர் வள்ளலாரும் வாழ்ந்து காட்டிய பொருள் அது. அதனை முற்றாக எடுத்துப் பேச எனக்கு வயதும் போதாது, படிப்பும் போதாது. ஆகையால் அதிலே ஒரு சிறு மூலையை மட்டும், எங்கள் வளவிலே பழைய வலைகள் போட்டுவைக்கும் கொட்டிலின் மூலையை மட்டும், எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் நாய்க்குட்டியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று பின்வரிசையிற் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கலாம்; நானும் முதலிற் சிரித்தவன்தான்.

விடுமுறைக்கு வீடு வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்தக் கொட்டிலுக்குள் முனகற் சத்தம் கேட்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். செந்நிற நாயொன்று படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஏழு குட்டிகள். அந்த நாய் எங்களுடையதன்று. ஆலங்குடாக் கரையிலே வாடி அமைத்துத் தொழில் செய்தவர்கள் காலம் மாறியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு போனார்கள். வலை போயிற்று, தட்டுமுட்டுச் சாமான்கள் போயின, நாய் மட்டும் நின்றுவிட்டது. மீன் குடல் தின்று வளர்ந்த பிராணி, மீன் வராத காலத்தில் எங்கே போகும்? எங்கள் அப்பாச்சி இரண்டு நாள் பழஞ்சோறு வைத்தார். எங்களுக்கும் அதற்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அப்பா வந்து பார்த்தார். "கண் திறக்குமுன் சாக்கிற் போட்டு நுரைச்சோலைச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வா" என்றார். அவரைக் கொடியவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் எத்தனை வீடுகளில் இதே சாக்கு இருக்கிறது என்று அவரவர் மனத்துக்குத் தெரியும். சந்தைக்குக் கொண்டுபோக மனம் வராதவர்கள் கோயில் வாசலில் விடுகிறார்கள். வைரவருக்கு வாகனம் நாய்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு சமாதானம். வைரவருக்கு ஒரு வாகனம் போதும். நாம் மாதந்தோறும் புதிது புதிதாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அப்பாச்சிதான் குறுக்கே நின்றார். "பெற்றவள் வயிறெரிந்தால் அது ஒரு வீட்டோடு போகாது" என்றார். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் தீமிதி காணும் நமக்குப் பாரதக் கதை புதிதன்று. ஆனால் வியாச பாரதத்தின் ஆதிபருவத் தொடக்கத்திலேயே அடிபட்ட நாய்க்குட்டி ஒன்று வருவதைப் பலர் கவனிப்பதில்லை. சனமேசயன் குருட்சேத்திரத்தில் வேள்வி செய்கிறான். அங்கே வந்த குட்டியொன்றை அவன் தம்பியர் அடித்துத் துரத்துகிறார்கள். குட்டி அழுதுகொண்டு தாயிடம் ஓடுகிறது. தாய் சரமை, தேவலோகத்து நாய், எடுத்த எடுப்பிலே சபிக்கவில்லை. நீ ஏதும் பிழை செய்தாயா என்று தன் குட்டியைத்தான் முதலில் விசாரிக்கிறாள். அவிப்பொருளை நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை என்று அது சொன்னபிறகே வேள்விச்சாலைக்குப் போய், என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. அதன்பின்தான் சாபம்: நீங்கள் எதிர்பாராத அச்சம் உங்களைத் தேடி வரும் என்று. தருமபுத்திரர் நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் போகமாட்டேன் என்ற பின்கதை எல்லாருக்கும் தெரியும். முன்கதையைத்தான் மறந்துவிட்டோம். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். கொள்ளைநோய் கண்டு காட்டிற் கிடந்த புனித ரோக் என்னும் அடியாருக்கு ஒரு நாய் அப்பம் கொண்டுவந்து கொடுத்த கதையை எங்கள் ஆசிரியர் ஆண்டுதோறும் சொல்லுவார். பாடசாலையிலும் நாய்க்கதை, வீட்டிலும் நாய்க்கதை. ஆயினும் சாக்கை எடுக்கச் சொன்னபோது நான் வாய்திறவாமல் எடுத்தேன் என்பதை உங்கள்முன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாக்கு திரும்பவும் கொட்டிலுக்குப் போயிற்று. ஆனால் அப்பா ஒரு நிபந்தனை விதித்தார்: விடுமுறை முடியுமுன் ஏழுக்கும் நான் வீடு பார்த்துவிடவேண்டும். கடுவன் மூன்று, பெட்டை நான்கு.

இங்கேதான் என் பிழை தொடங்குகிறது. நாய்க்குட்டி பத்துப் பன்னிரண்டு நாளிற் கண் திறக்கும். மூன்று கிழமைக்குப்பின் நடக்கவும், மனிதரை அறியவும், உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடவும் தொடங்கும். எவ்வளவு கடித்தால் மற்றதற்கு நோகும் என்பதை அது தாயிடத்திலும் கூடப்பிறந்தவற்றிடத்திலும்தான் கற்கிறது. எட்டுக் கிழமையாவது தாயோடு விடவேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். நானோ விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவன். ஐந்தாங்கிழமையில், அழகான கடுவனொன்றை, ஆசையோடு கேட்ட ஒரு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு பாரம் குறைந்தது என்று மகிழ்ந்தேன். பத்தாம் நாள் அவ்வீட்டுச் சிறுவன் சைக்கிளில் வந்து, குட்டி இரத்தமாகப் பேதி போய்ச் செத்துவிட்டது அண்ணா என்றான்.

மிருக வைத்தியரிடம் போய் விசாரித்தேன். பார்வோ என்னும் வைரசு நோயாக இருக்கும் என்றார். 1978 ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்டு விரைவில் உலகெங்கும் பரவிய நோய் அது. தடுப்பூசி போடாத குட்டிகளை அள்ளிக்கொண்டு போகும். அதன் கிருமி மண்ணிலே பல மாதங்கள் அழியாமற் கிடக்கும். பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் அதற்கு முன் வளர்ந்த குட்டியும் அவ்வாறே செத்ததென்று. அவர்கள் ஒளிக்கவில்லை. நான் கேட்கவில்லை. "இதற்குமுன் உங்கள் வீட்டில் இருந்த நாய் என்ன ஆயிற்று?" என்ற ஒரு வினாவை நான் கேட்டிருந்தால் அந்தக் குட்டி இன்று உயிரோடு இருக்கும். அன்று முதல் குட்டி கேட்டு வருகிற எவரிடமும் அந்த வினாவைக் கேட்காமல் விடுவதில்லை. சிலர் கோபிக்கிறார்கள். "நாய்க்குட்டிக்கும் சாதகம் பார்க்கிறாயோ?" என்று ஒரு மாமா கேட்டார். ஆம் மாமா, பார்க்கிறேன்.

இடையில் இன்னொரு சம்பவம். எங்கள் சின்னம்மாவின் சிறு மகனை விளையாட்டிலே ஒரு குட்டி கடித்துவிட்டது. பாற்பல்தான், ஆனால் இரத்தம் வந்தது. சின்னம்மா சுண்ணாம்பு எடுக்க ஓடினார். குட்டிதானே, குட்டிக்கு விசர் வராது என்று அயலவர் சொன்னார்கள். அது தவறு. குட்டிக்கும் விசர்நோய் வரும். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற நீரிற் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நோய்க்குறி தோன்றியபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. பாஸ்டர் பெருமகனார் 1885 ஆம் ஆண்டு ஒரு சிறுவனுக்கு முதன்முதல் ஊசி போட்ட நாளிலிருந்து இதற்கு வழி இருக்கிறது. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தோர் 377 பேர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு முப்பதளவுக்கு இறங்கியிருக்கிறது என்றால், நாய்களுக்குப் போட்ட ஊசிக்கும் கடிபட்டவருக்குப் போட்ட ஊசிக்கும் அதிற் பெரும் பங்குண்டு. தம்பி ஊசி போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறான். குட்டியும் நலமாகவே வளர்ந்தது. ஆனால் ஊசியில்லாத குட்டியைக் கொடுப்பதும், வாங்குகிறவருக்கு நாளைய பயத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மற்றக் கடுவன் இரண்டுக்கும் இடம் எளிதிற் கிடைத்தது. ஒன்றை அப்பாவின் சிநேகிதர் கொண்டுபோனார். மற்றதைக் கேட்டு வந்தவர் நுரைச்சோலைப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒரு நானா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பக்கம் வந்து குடியேறிய குடும்பத்தவர். முஸ்லிம் வீட்டில் நாய் வளர்ப்பார்களா என்று நான் தயங்கியதை அவர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். "வீட்டுக்குள் விடமாட்டோம் தம்பி. தோட்டக் காவலுக்கு எங்கள் மார்க்கத்தில் இடமுண்டு. அதற்குத் தனிக் கோப்பை, தனிக் கொட்டில்" என்றார். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலணியால் நீர் மொண்டு கொடுத்த ஒருவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியையும் சொன்னார். நான் கேட்கவேண்டிய வினாக்களுக்கெல்லாம் கேட்குமுன்னரே விடை சொன்ன ஒரே மனிதர் அவர். இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தேன். கொட்டிலுக்குத் தென்னோலை வேய்ந்து, நிழலில் நீர் வைத்திருந்தார்.

பெட்டைகளின் கதை வேறு. வந்தவர்கள் எல்லாரும் குட்டியைத் தூக்குவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் புரட்டிப் பார்ப்பார்கள். "பெட்டையா? வேண்டாம்" என்று கீழே வைத்துவிடுவார்கள். டொல்பின் பார்க்க வந்த உல்லாசப் பயணிகள் சிலர் வேலியோரம் நின்று நான்கையும் கொஞ்சினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களாவது வயிற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பெட்டை வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அது ஆறு மாதத்துக்குப்பின் எந்நேரமும் பருவமடையலாம். ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடும். ஆண்டுக்கு இருமுறை இது நடக்கக்கூடும். ஒரு பெட்டையின் வமிசம் ஆறாண்டில் அறுபத்தேழாயிரம் ஆகும் என்று ஒரு கணக்குச் சொல்லுவார்கள். பிறந்தவையெல்லாம் பிழைத்தன என்று கொண்டு போட்ட கணக்கு அது, நம்புவதற்கில்லை. தெருவிற் பிறப்பவற்றிற் பெரும்பாலானவை ஓராண்டு காணாமலே லொறியிலும் நோயிலும் பசியிலும் போய்விடுகின்றன. ஆனால் யாரும் ஏற்காத பெட்டைதானே தெருவிலும் கரையிலும் நிற்கிறது? யாரும் சத்திரசிகிச்சை செய்விக்காத அந்தப் பெட்டைதானே அடுத்த ஏழைப் போடுகிறது? எங்கள் கொட்டிலுக்கு வந்த செவ்வியும் ஒருகால் ஒருவர் "பெட்டை வேண்டாம்" என்று கீழே வைத்த குட்டிதான்.

இதற்கு வழி கண்டவர்கள் நமக்கு அயலிலேயே இருந்தார்கள். சென்னையில் விமானியாக இருந்த கப்டன் சுந்தரம், 1959 ஆம் ஆண்டு மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ் நிறுவனம். மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த நகரத்திலே, கொல்வதால் தொகை குறையவில்லை, பிறப்பைத் தடுத்துத் தடுப்பூசி போட்டுப் பாருங்கள் என்று 1964 முதல் அவர்கள் செய்து காட்டினார்கள். மாநகராட்சி அதனை ஏற்றது 1996 இலே. முப்பத்திரண்டு ஆண்டு! நம் நாட்டிலும் தெருநாய்களைக் கொல்வது 2006 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. கொல்லாமை நல்லதே. ஆனால் கொல்லுவதை நிறுத்திவிட்டு மற்றதையும் செய்யாமல் விட்டால், கொல்லும் வேலையை லொறிக்கும் பட்டினிக்கும் ஒப்படைத்ததாகிவிடும்.

கருப்பையை அகற்றுவது பாவமில்லையா என்று இம்மன்றத்துப் பெரியவர் ஒருவரே என்னைக் கேட்டார். மரியாதையோடு அவரிடம் நான் சொன்னது இது: ஐயா, அந்தப் பெட்டை போடப்போகும் குட்டிகள் ஏழுக்கும் தாங்கள் வீடு பார்த்துத் தருவதானால் நான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசவே மாட்டேன். அவர் சிரித்தார். பின்னர் ஒரு நாள் வந்து செலவுக்கு ஒரு பங்கு தந்தார். பெயர் சொல்லவேண்டாம் என்றார்.

ஆகவே எங்கள் வீட்டு நிபந்தனையை மாற்றினோம். பெட்டைக்குட்டி கொண்டுபோகிறவர் ஆறாம் மாதத்திற் சொல்லியனுப்பினால் போதும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதும் காயம் ஆறும்வரை பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தரவேண்டும். ஏன் என்று கேட்கமாட்டோம். இதைச் சொன்னபின் ஒன்றைச் சின்னம்மாவே எடுத்தார், மகனைக் கடித்த அதே குட்டியை. இன்னொன்றை, தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார். நான் அவரிடம் மூன்று வினாக் கேட்டேன். அவர் என்னிடம் பன்னிரண்டு கேட்டார். எந்த ஊசி, எந்தத் தேதி, பூச்சிமருந்து எத்தனை முறை என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். மாணவனாக இருந்தபோது பட்ட பயமெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது.

மூன்றாவதைக் கரையில் வாடி போட்டிருந்த ஒருவர் அன்போடு கொண்டுபோனார். அன்பில் ஒரு குறையும் இல்லை. தம் தட்டிலிருந்தே சோறு கொடுப்பார். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் யார் சோறு வைப்பார் என்று நான் கேட்கவில்லை. செவ்வியின் கதையே கண்முன் கிடக்க, கேட்கவில்லை! வாடி பிரிக்கும் நாளில் அவரே குட்டியைத் தோளிற் போட்டுக்கொண்டு வந்து, "தம்பி, திருப்பித் தரலாம் என்று சொன்னீர்களே" என்றார். அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

செவ்விக்கு ஆறின காயத்தின் தழும்பு மட்டும் இருக்கிறது. அவள் எங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறாள். அப்பா தம் கையாலேயே சோறு வைக்கிறார், கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார். திரும்பி வந்த குட்டியும், யாரும் கேளாத நான்காவது பெட்டையும் இன்னும் அந்தக் கொட்டிலில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஊசி போட்டாயிற்று. என் விடுமுறை வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. கூட்டம் முடிந்தபின் வாசலில் நிற்பேன். விருப்பமுள்ளவர்கள் வந்து பேசலாம். மூன்று வினாக்களும் ஆயத்தமாக இருக்கின்றன.