நெருக்கடி நேரத்தில் முதலாளிக்கு யார் சாட்சி?

(கம்பத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையின் பெயர்ப் பலகைக்கு நாம் செலவு செய்கிறோம். வருடம் பிறந்தால் காலண்டர் அடித்துக் கொடுக்கிறோம். துணிப்பையில் பெயர் போடுகிறோம். உள்ளூர் கேபிள் டி.வி.யில் விளம்பரம் கொடுக்கிறோம். இவையெல்லாம் நம் சரக்கின் பெயரை ஊருக்குள் கொண்டு போகும். ஆனால், "அந்த முதலாளி எப்படிப்பட்டவர்?" என்று ஒருவர் கேட்டால் இவற்றில் எதுவும் பதில் சொல்லாது. பதில் சொல்பவர் நம் கடையில் மூட்டை தூக்குகிறவர். நம் தோட்டத்தில் திராட்சைக் குலை வெட்டுகிறவர். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிற அம்மா!

சாதாரண நாளில் அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. ஒரு விபத்து, ஒரு தீ, ஒரு வேலைநிறுத்தம், ஒரு வதந்தி என்று வந்துவிட்டால் அன்றைக்கு ஊரே கேட்கும். அவர்கள் சொல்வதைத்தான் ஊர் நம்பும்.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே 'மக்கள் தொடர்பு அதிகாரி' என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். பி.ஆர்.ஓ. என்றால் நிருபர்களைப் பார்த்துச் சிரிப்பவர், டைரியும் பேனாவும் கொடுப்பவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தத் தொழில் வளர்ந்த கதையையே கொஞ்சம் பார்த்தால் விஷயம் விளங்கும்.

ராக்பெல்லர் படித்த பாடம்

1914 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்ற இடம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வந்தார்கள். கம்பெனி வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு, மனைவி மக்களோடு கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். அந்தக் கூடாரங்கள் மீது மாநிலப் படையினரும் கம்பெனிக் காவலர்களும் பாய்ந்தார்கள். துப்பாக்கிச் சூடு, பிறகு தீ. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள்.

சுரங்கக் கம்பெனி ராக்பெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்தது. நாடே அந்தக் குடும்பத்தைத் தூற்றியது. பெயரைத் தூக்கி நிறுத்த ஐவி லீ என்பவரை அமர்த்தினார்கள். மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் அவர். கம்பெனி கொடுத்த விவரங்களை வைத்து அவர் பிரசுரங்களை அச்சடித்து நாடெங்கும் அனுப்பினார். தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய சம்பளத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டியது ஒரு பிரசுரம். பொய் என்பது வெளியானது. எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் அவருக்கு 'விஷக்கொடி' என்ற பொருளில் பட்டப் பெயரே சூட்டினார். பெயரைக் காக்க வந்தவரின் பெயரே கெட்டது!

பிறகு என்ன நடந்தது? 1915 செப்டம்பரில் இளைய ராக்பெல்லர் தாமே கொலராடோவுக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார். தொழிலாளர் வீடுகளுக்குச் சென்றார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். குறைகளைச் சொல்ல தொழிலாளர் பிரதிநிதிகள் முறையை ஏற்படுத்தினார். ஆயிரமாயிரம் பிரசுரங்கள் செய்யாததை அந்தப் பயணம் செய்தது. ஆனாலும் தொழிற்சங்கத்தை அவர் ஏற்கவில்லை. ஆகவே கண்டனம் முழுதாக ஓயவும் இல்லை. எவ்வளவு செய்தாரோ அவ்வளவுதான் பெயர் திரும்பியது.

மௌனம் பெற்ற வதந்தி

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கே வருவோம்.

2021 டிசம்பர் மாத நடுவில், ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமானது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றப் பெண்களுக்கு உறுதியான தகவல் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் வதந்தி புகுந்தது. சிலர் இறந்து விட்டார்கள் என்று செல்போனில் செய்தி பறந்தது. யாரும் இறக்கவில்லை! ஆனால் அதை நேரத்தில், நம்பும்படி, அந்தப் பெண்களிடம் வந்து சொன்னவர் யார்? நள்ளிரவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து விட்டார்கள். மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றது.

சுமார் 17 ஆயிரம் பேர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தேவையான தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. பாக்ஸ்கான் மன்னிப்புக் கேட்டது. உள்ளூர் நிர்வாகத்தை மாற்றுவதாகவும், மூடிய நாட்களுக்கும் சம்பளம் தருவதாகவும் அறிவித்தது. 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடியும் கதவு திறந்தது.

கவனியுங்கள். பெண்களைச் சாலைக்கு இழுத்தது கெட்ட சாப்பாடு மட்டும் அல்ல, கூடவே மௌனமும்தான். மௌனமாக இருந்தால் விஷயம் அடங்கிவிடும் என்பது நம்மில் பல முதலாளிமார்களின் நம்பிக்கை. நாம் பேசாவிட்டால் நமக்காக வேறு ஒருவர் பேசுவார். அவர் நம் நண்பராக இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மூணாறு காட்டிய கணக்கு

இப்போது நம் தலைக்கு மேலேயே, போடி மெட்டைத் தாண்டி மூணாறுக்குப் போவோம். அங்கே தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழிவந்தவர்கள். கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி 2005-ல், டாடா டீயிடமிருந்து தோட்டங்களை ஏற்று உருவானது. தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி என்று வெளியே நல்ல பெயர். ஆஸ்பத்திரி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு.

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. லாபம் இறங்கிவிட்டது என்பது கம்பெனியின் வாதம். அந்தக் கணக்கு தேயிலை பறிக்கும் பெண்ணிடம் எடுபடவில்லை. லாபத்தை ஏற்றுக்கொண்டாலும், அன்று தினக்கூலி 232 ரூபாய்தானே என்று அவள் கேட்டாள். ஆயிரக்கணக்கான பெண்கள் 'பெண்பிள ஒருமை' என்ற பெயரில் மூணாறை 9 நாட்கள் மறித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட கிட்டே வர விடவில்லை. முதலமைச்சர் உம்மன் சாண்டி தலையிட்டு, 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீத கருணைத் தொகை, ஆக 20 சதவீதம் என்று முடிந்தது.

அந்த 9 நாட்களில் பங்குதாரர் என்ற பெருமையோ, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றிய நற்பெயரோ முன்வந்து பேசவில்லை. ஊர் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பெண் மாலையில் வீட்டுக்கு எவ்வளவு கொண்டு போகிறாள்? நன்மை செய்தது வேறு. கணக்கைத் திறந்து சொன்னது வேறு. லாபம் குறைந்த செய்தி அறிவிப்புப் பலகையில் தொங்குவதற்கு முன்பே தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திருப்பூர் செய்த நல்ல காரியம்

பேசினால் பலன் உண்டா? உண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஒன்று பீகார்க்காரர்களுக்குள் நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவருக்குள் நடந்த தகராறு. போலீஸ் டி.ஜி.பி. சைலேந்திர பாபு இதை வெளிப்படையாக விளக்கினார். ஆனாலும் ஊரில் இருக்கும் தாய் அழுதால் மகன் ரயில் ஏறத்தானே செய்வான்? ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போனவர்களையும் பயந்து ஓடியவர்களாகவே காட்டினார்கள்.

அப்போது அரசும் முதலாளிகளும் வாய்மூடி இருக்கவில்லை. முதலமைச்சர் ஸ்டாலின் பீகார் முதலமைச்சர் நிதிஷ் குமாரிடம் பேசினார். உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. தொழிலாளிக்குப் புரியும் இந்தி மொழியிலேயே தைரியம் சொல்லப்பட்டது. பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. கதவைத் திறந்து, "எங்கள் ஆட்களிடமே கேளுங்கள்" என்று சொல்ல முடிந்த முதலாளிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு இல்லை. தொழிலாளி தன் வாயால் "நான் நன்றாக இருக்கிறேன், அம்மா" என்று சொன்ன ஒரு போன், நூறு மறுப்பு அறிக்கைக்குச் சமம்!

வதந்தியின் வலி நமக்குப் புதிதல்ல. 2020-ல் கொரோனா நேரத்தில், முஸ்லிம் வியாபாரிகள் பழத்தில் எச்சில் துப்புகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, தள்ளுவண்டிக்காரனின் பிழைப்பு கெட்டதை மறக்க முடியுமா? அந்த வலி தெரிந்தவர்கள் நாம். நம் கடையில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்துப் பையன் ஒரு பொய்யைப் பார்த்து நடுங்கும்போது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச நமக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கடைக்கு வருவோம்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்து, கேரளத் தோட்டங்களில் இருந்த நம் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கி வந்ததைக் கம்பம் மறக்கவில்லை. குமுளிப் பாதை அடைபட்டது. அதுபோன்ற நாளில் மறுபடி வேலைக்குப் போகும் ஒரு தாய், முதலாளி எந்த மொழிக்காரர் என்றா பார்ப்பாள்? ஆபத்தில் என்னைப் பாதுகாப்பாக அனுப்பி வைத்தாரா, பாக்கிக் கூலியைக் கொடுத்தாரா என்றுதான் பார்ப்பாள்.

நமக்கு பி.ஆர்.ஓ. வைக்க வசதி இல்லை. தேவையும் இல்லை. இவற்றைச் செய்தால் போதும்:

ஒன்று: விபத்து நடந்தால் முதல் போன் அடிபட்டவரின் வீட்டுக்கு. வக்கீலுக்கும் பத்திரிகைக்கும் பிறகு. முதலாளியே போக வேண்டும்; மேனேஜரை அனுப்பினால் அது செய்தி, தாமே போனால் அது ஆறுதல்.

இரண்டு: மற்ற வேலையாட்களை அன்றே கூட்டி, தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அடுத்த தகவல் எப்போது வரும் என்று நேரம் குறித்துச் சொல்லி, அந்த நேரத்தில் வந்து நில்லுங்கள்.

மூன்று: வெளியே பேச ஒருவர் போதும். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று, கணக்குப்பிள்ளை ஒன்று என்று மூன்று கதை வந்தால் உண்மையும் பொய்யாகிவிடும்.

நான்கு: ஆஸ்பத்திரிச் செலவு, அடைத்த நாளின் கூலி — இவற்றில் என்ன செய்வீர்கள் என்பதைத் தொகையோடு சொல்லுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்ற வாக்கியம் யார் வயிற்றையும் நிரப்பாது.

ஐந்து: வேலையாளை 'வெளியே பேசாதே' என்று மிரட்டாதீர்கள். அவர் நம் சாட்சி. சாட்சியை மிரட்டுபவரை ஊர் என்ன நினைக்கும்?

ஆறு: புயல் அடங்கியபின், எதைத் திருத்தினீர்கள் என்று அவர்களிடமே காட்டுங்கள். புது ஒயரிங், ஜீப்பில் குறைந்த ஆள் எண்ணிக்கை, சுத்தமான சமையலறை — கண்ணால் பார்த்ததை அவர்களே ஊருக்குச் சொல்வார்கள்.

இளைஞர்களே! உங்கள் கையில் இருக்கும் செல்போன் ஒரு அச்சுக்கூடம். ஒரு கடையைப் பற்றி, ஒரு தொழிலாளியைப் பற்றி, எங்கோ நடந்த சண்டையைப் பற்றி வரும் வீடியோவை அனுப்பும் முன், சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படித்த பிள்ளைகள் நம் வணிகர்களுக்கு நல்ல தமிழில், நான்கு வரியில், உண்மையான அறிக்கை எழுதிக் கொடுங்கள். அதுவும் சமுதாயப் பணிதான்.

வணிகர்களே! கூலியை எப்போது கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நபித்துவத்துக்கு முன்பே, வணிகராக இருந்த காலத்திலேயே, அண்ணலாருக்கு 'அல் அமீன்' என்ற பெயரை மக்காவின் மக்கள் கொடுத்தார்கள். அந்தப் பெயர் நெருக்கடி வந்த அன்று கேட்டு வாங்கிய பெயர் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாள்தோறும் சேர்ந்த பெயர். நம் வேலையாள் நம்மைப் பற்றி நாளை சொல்லப் போகும் வார்த்தையை, இன்றைய சம்பளக் கணக்கிலும் இன்றைய பேச்சிலும் நாம்தான் எழுதிக் கொண்டிருக்கிறோம். நல்லதாகவே எழுதுவோம்!