கேள்வி கேட்பவரும் கூட்டம் கலைப்பவரும்

(விருத்தாசலம் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் எழுத்தாக்கப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கச் சொல்லியிருந்தா சுலபமா முடிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கொடுத்திருக்கிற விஷயம் வேற. நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தை எப்படிக் காப்பாற்றுவது? கலைக்கவே வருகிற ஆளை என்ன செய்வது? யாரை வெளியே அனுப்பலாம், அனுப்புகிற அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்? இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற தகுதி ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருசம் இந்த வட்டத்துக்குத் தலைமை ஏற்று, அந்த வேலையைத் தப்பாகச் செய்தவன் நான்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருத்தர் வருவார், பெயர் வேண்டாம். படித்தவர், குரலை உயர்த்தாதவர். நாம பஞ்சமி நிலத்தைப் பேசினாலும் சரி, கோயில் நுழைவைப் பேசினாலும் சரி, மூன்றாவது நிமிசம் எழுந்து நிற்பார். "முதல்ல உங்களுக்குள்ள இருக்கிற ஏற்றத்தாழ்வை ஒழிச்சுட்டு வாங்க, அப்புறம் எங்களைக் கேளுங்க" என்பார். கேள்வி பொய்யான கேள்வி இல்லை. உட்சாதிப் பிரச்சினை நம்மிடம் இருக்கிறது, பேசித்தான் ஆக வேண்டும். பதில் சொன்னோம். அடுத்த மாதம் அதே கேள்வி, மறுபடி பதில், அதற்கடுத்த மாதமும் அதே கேள்வி. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் அவருக்கே போயிற்று. நானோ கருத்துரிமை, சனநாயகம் என்று சொல்லி ஏழு மாசம் அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

அதே ஏழு மாசத்தில் ஒருநாள் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "நம்ம கூட்டத்துல டீ கொடுக்கிறது மட்டும் ஏன் எப்பவும் நாங்களா இருக்கு? நோட்டீசுல ஏன் எங்க பேரே இல்ல?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதை அப்புறம் பேசலாம்மா, இப்ப பொது எதிரியைப் பத்திப் பேசுவோம்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

கலைக்க வந்தவருக்கு ஏழு மாசம் கொடுத்தேன். கேட்க வந்தவளுக்கு ஒரு நிமிசம் கொடுக்கவில்லை. இது ஏதோ என் தனிப்பட்ட குணக்கேடு என்று விட்டுவிட முடியாது, தோழர்களே. யாருடைய பேச்சு 'கருத்து' என்றும் யாருடைய பேச்சு 'இடைஞ்சல்' என்றும் நம் காதுக்குள்ளேயே ஒரு மேல்-கீழ் அடுக்கு இருக்கிறது. வங்கிக் கவுண்டரில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். சத்தம் போடுகிற ஆளுக்கு வேலை உடனே முடிகிறது. நகைக்கடனுக்கு வந்த பாட்டி ரெண்டு மணி வரை டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1892-ல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியிலிருந்து ஒருவர் போகிறார், அயோத்திதாசப் பண்டிதர். பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார்: விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் எங்களை ஏன் விடக் கூடாது? சபை கொந்தளிக்கிறது. தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரன், காட்டேரி எல்லாம் இருக்கிறதே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் அல்லர் என்கிறார். அப்படியென்றால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்கிறார் பண்டிதர்.

அந்தச் சபையின் கண்ணுக்கு அன்றைக்குக் கூட்டத்தைக் கலைத்தவர் யார்? பண்டிதர்தான்! நக்கலாகப் பதில் சொன்னவர் அல்ல. ஆதிக்கம் உள்ள இடத்தில் நம் கேள்வியே கலகமாகத்தான் தெரியும். அதனால்தான் 'கலைக்க வந்தவன்' என்ற முத்திரையை எடுப்பதற்கு முன்னால் நம் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். பதினைந்து வருசம் கழித்து, 1907-ல், அவர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார். கேள்வி கேட்டு அவமானப்பட்ட மனிதர் தன் பத்திரிகையில் வாசகர் கேள்விகளுக்கு இடம் கொடுத்து, வரிசையாகப் பதில் எழுதினார்.

அடுத்தது 1936. லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல். சாதியை ஒழிக்கத் தொடங்கிய அமைப்பு, நல்ல மனிதர்களும் அதில் இருந்தார்கள். ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அண்ணல் அம்பேத்கரை அழைக்கிறார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படிக்கிறார்கள். வேதங்களைப் பற்றிச் சொன்னது அதிகம், இந்து மதத்தை விட்டு வெளியேறுவது பற்றிச் சொன்னது தேவையற்றது, சில பகுதிகளை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று எழுதிவிடுகிறார் அண்ணல். மாநாடு நடக்கவே இல்லை. மண்டலுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. கூட்டம் அமைதியாக நடக்க வேண்டும், யாரும் கோபித்துக்கொண்டு போகக் கூடாது என்று நினைத்தார்கள். நான் அந்தத் தங்கையிடம் சொன்னதும் இதே வகை அமைதிக்காகத்தான். அமைதி வேண்டும் என்று உண்மையை வெளியே தள்ளுகிற தலைமையும் கூட்டத்தைக் கலைக்கிற தலைமைதான்.

அண்ணல் அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்த உரையைத் தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அதில் சேர்த்தார். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். 1937-ல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் மறுப்பையும் அச்சிட்டு, கூடவே தன் பதிலையும் வைத்தார். எதிராளியின் வாதத்தை மறைக்காமல், வாசகர் கையில் இரண்டையும் கொடுத்து, நீயே தீர்மானி என்றார். பதில் சொல்லத் தகுந்த எதிராளிக்குச் செய்கிற மரியாதை அது.

எல்லோருக்கும் அந்த மரியாதை தேவையா? நம் மாவட்டத் தலைநகரிலேயே ஒரு கதை உண்டு. 1944-ல் கடலூரில் பெரியார் ரிக்‌ஷாவில் போகும்போது ஒரு செருப்பு வந்து விழுகிறது. ரிக்‌ஷாவைத் திருப்பச் சொல்லி, இன்னொரு செருப்பையும் வாங்கிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள், ஒற்றைச் செருப்பால் யாருக்கும் பயனில்லையே! செருப்புக்கு அவர் பதில் உரை ஆற்றவில்லை. அது வாதம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. கேட்கிறவர் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? அவருடைய இரண்டாவது கேள்வியில் நம் முதல் பதில் கொஞ்சமாவது கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் எவ்வளவு கோபமாகக் கேட்டாலும் அவர் நம் ஆள், அவரோடு விடிய விடியப் பேசலாம். ஏழு மாசமும் அச்சு மாறாமல் அதே வாக்கியம் வந்தால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது செருப்புதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கலைப்பது என்றால் சத்தம் போடுவது மட்டுமா? 2020 அக்டோபரில், நம்ம கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்கள், ஊராட்சிச் செயலாளரை இடைநீக்கம் செய்தார்கள். அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். யாரும் கத்தவில்லை, ஒழுங்காகக் கூட்டம் நடக்கிற மாதிரியே இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே ஒருத்தர் பேச்சைக் கொன்றுவிடலாம். ஆகவே விவாத விதிகள் நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போ வெளியேற்றம். இதில்தான் நமக்கு மற்றவர்களை விடப் பொறுப்பு அதிகம். ஏனென்றால் ஊர்விலக்கு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். கடையில் சாமான் கிடையாது, வேலை கிடையாது, ஊர்க் கிணறு கிடையாது. அந்த ஆயுதத்தால் அடிபட்ட நாம் அதையே எடுத்து வீசலாமா? வீசக் கூடாது. அதற்காகக் கதவே இல்லாத வீடாகவும் இருக்க முடியாது. ஊர்விலக்குக்குக் காரணம் பிறப்பு, நம் வெளியேற்றத்துக்குக் காரணம் செய்த செயலாக மட்டுமே இருக்க வேண்டும். அங்கே காலவரை இல்லை, இங்கே இருக்க வேண்டும். அங்கே மேல்முறையீடு இல்லை, இங்கே இருக்க வேண்டும். அதைக் கையாளுவதற்குச் சில விதிகளை உங்கள் முன்னால் வைக்கிறேன். வெட்டுங்கள், திருத்துங்கள்.

ஒன்று. இதுவரை பேசாதவருக்கே முதல் வாய்ப்பு. ஒருவர் இரண்டாம் முறை பேசுவதற்கு முன் பேசாதவர்களைக் கேட்க வேண்டும்.

இரண்டு. ஒரு கேள்விக்கு ஒருமுறை முழுசாகப் பதில். அதை எழுதி வைப்போம். அதே கேள்வி திரும்ப வந்தால் எழுதியதைக் கையில் கொடுப்போம், கூட்டத்தின் நேரத்தைக் கொடுக்க மாட்டோம்.

மூன்று. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அன்றைக்கே வெளியே. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. ஆனால் கவனியுங்கள்: பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் செய்தால்தான் அந்தச் சட்டம் வரும். நமக்குள்ளேயே ஒருவர் அருந்ததியத் தோழரை, புதிரை வண்ணார் தோழரை இழிவாகப் பேசினால் அந்தச் சட்டம் வராது. அந்த இடத்தில் நம் விதிதான் சட்டம். அந்தப் பெரியவர் ஏழு மாசம் கேட்ட கேள்விக்கு நாம் தரக்கூடிய ஒரே நேர்மையான பதிலும் இதுதான்.

நான்கு. பெண்களைப் பெண் என்பதால் மட்டம் தட்டுகிற பேச்சுக்கும் அதே விதி. "இதை அப்புறம் பேசலாம்" என்று தலைமை சொன்னால், எந்தத் தேதியில் என்று அங்கேயே குறிக்க வேண்டும்.

ஐந்து. வெளியேற்றத்தைத் தலைவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண். காரணத்தையும் எத்தனை மாதம் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் திரும்ப வந்து முறையிடலாம்.

ஆறு. தலைமை மாதாமாதம் மாற வேண்டும். தலைவருக்கு வாதாட ஆசை வந்தால் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டு வாதாடட்டும்.

இந்த ஆறாவது விதியை நம்ம ஊர் ஆட்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். இங்கே தொழிற்பேட்டையில் பீஸ் கேரியர் செய்கிறோம். பீங்கானில் மின்சாரம் பாயாது, அதனால்தான் கம்பியைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. தலைவர் பீங்கானாக இருக்க வேண்டும். அவர் மேலேயே மின்சாரம் பாய ஆரம்பித்தால் தொட்டவனுக்கெல்லாம் ஷாக்தான்.

முடிக்கிறேன். போன வாரம் அந்தத் தங்கையைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு வருவியா என்று கேட்டேன். "டீ யாரு போடுறாங்கண்ணே?" என்றாள். நான் போடுகிறேன் என்றேன். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் டீ என் பொறுப்பு. அவள் அன்றைக்குக் கேட்டதுதான் அடுத்த கூட்டத்தின் முதல் பொருள். இதை இன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன். இப்போ கேள்வி கேட்கலாம். இதுவரை பேசாதவர்கள் முதலில்.