விழுந்த இடத்தைப் பார்த்து எழும்புவோம்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நீங்கள் ஊர் திரும்பிய பின் ஒரு காலபோகம் முடிந்துவிட்டது. பற்றை வெட்டினீர்கள், பாழடைந்த கிணற்றை இறைத்தீர்கள், கொட்டில் போட்ட வளவில் சுவர் எழுப்பத் தொடங்கினீர்கள். சில காரியங்கள் சரிவரவும் இல்லை. சிலருக்கு விதைத்தது அழிந்துவிட்டது. சிலரின் வீடு பாதியில் நிற்கிறது. சிலருக்குக் கடன் ஏறிவிட்டது. பிள்ளை பரீட்சையில் சித்தியடையவில்லை என்ற கவலையும் சில வீடுகளில் இருக்கிறது. இன்று அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் இரண்டு விடயங்களைப் பிரித்து வைப்போம். இழப்பு வேறு, தவறு வேறு. ஊரை விட்டு ஓடியதும், வீடு இடிந்ததும், உறவுகள் போனதும் உங்கள் தவறல்ல. "அன்றைக்கு அந்தப் பாதையால் போகாமல் விட்டிருந்தால்..." என்று இரவிரவாகக் கணக்குப் பார்ப்பவர்கள் நம்மிடையே பலர். அந்தக் கணக்கில் பாடம் எதுவும் கிடையாது. அன்று உங்கள் முன்னால் நல்ல வழி ஒன்று இருந்து, அதை நீங்கள் விட்டுவிடவில்லை. அந்தத் துயரத்துக்கு அழுகையும் ஆறுதலும் கூட இருக்கும் மனிதரும் தேவை. வாரக்கணக்காக நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல் இருந்தால், கூச்சப்படாமல் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

திரும்பி வந்தபின் நாமாக எடுத்த முடிவுகள் வேறு. அவற்றில் பிழைத்துப்போனவற்றைத் திருத்தலாம். அதற்கு மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? அதில் என் கையில் இருந்தது எது? அடுத்த முறை எதை மாற்றுவேன்?

வயலை எடுத்துக்கொள்வோம். முதல் மழையோடு ஒரு கமக்காரர் வைத்திருந்த விதைநெல் முழுவதையும் விதைத்துவிடுகிறார். அதன்பின் மூன்று கிழமை மழை இல்லை. முளைத்த பயிர் கருகிவிடுகிறது. "எனக்கு இந்த மண் ராசியில்லை" என்று அவர் சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும். மூன்று கேள்விகளையும் கேட்டால் வேறு விடை வரும். மழை அவர் கையில் இல்லை. விதைநெல்லில் ஒரு பங்கை இரண்டாம் விதைப்புக்கு எடுத்துவைப்பது அவர் கையில் இருந்தது. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போவதும், கமநல சேவை நிலையத்தில் குறுகிய கால நெல்லினம் பற்றி விசாரிப்பதும் அவர் கையில் இருந்தன. அடுத்த போகத்தில் அவற்றைச் செய்யலாம்.

வீட்டுக்கு வருவோம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கிடைத்தது. அது ஒரே தடவையில் வரவில்லை; வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வந்தது. "வாழ்நாளில் ஒரு தடவைதானே கட்டுகிறோம்" என்று அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டவர்கள் உண்டு. அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்திவாரத்திலேயே காசு முடிந்து, சுவர் யன்னல் மட்டத்தில் நின்றுவிட, அடுத்த கட்டப் பணமும் தாமதமாகிறது. நகை அடைவுக்குப் போகிறது, வட்டிக் கடனும் வருகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் ஓர் அறையையும் குசினியையும் முதலில் முடித்துக் கூரை போடுங்கள். மிச்ச அத்திவாரம் அப்படியே இருக்கட்டும், அது எங்கும் போகாது. இன்னும் தொடங்காதவர்கள், வரைபடத்தில் ஓர் அறை கூட்டுவதற்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் முழுச் செலவையும் கேளுங்கள்.

கிணறும் ஒரு பாடம் சொல்லும். குடாநாட்டிலும் கரையோரக் கிராமங்களிலும் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேலே நிற்கிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலே ஏறும். தண்ணீர் கரிக்கத் தொடங்கினால், இறைக்கும் நேரத்தைக் குறையுங்கள், இடைவெளி விடுங்கள். பக்கத்து வளவுக்காரரோடும் பேசுங்கள். அவர் கிணறும் உங்கள் கிணறும் ஒரே நிலத்தடி நீரைத்தான் குடிக்கின்றன.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இடம்பெயர்ந்து, பாடசாலை மாறி, மரத்தடியில் படித்த பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்தைத் தவறவிட்டால், அதைத் தறுதலை என்று பேசாதீர்கள். மறுபடி தோற்றலாம். தொழிற்பயிற்சி பெற்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கவும் வழி உண்டு. "எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் விளங்கவில்லை?" என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

ஒரு தவறு நம்மை அழிப்பது பெரும்பாலும் அதை மறைக்கும்போதுதான். கணவன் எடுத்த கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி வைத்த அடைவு கணவனுக்குத் தெரியாது. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. ஒருவர் குடியில் மறக்கப் பார்க்கிறார், மற்றவர் பேச்சை நிறுத்துகிறார். ஆகவே இன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கள். யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எடுப்பதற்கு முன், கடன் தந்த இடத்துக்கே நேரில் போய்த் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். எழுதும் நேரத்தில் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அந்த ஒரு வசனம் போதும், அடுத்த முறை உண்மை வெளியே வராது.

எல்லாத் தவறிலிருந்தும் அனுபவப்பட்டுக் கற்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மிதிவெடிக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. சிவப்பு அடையாளம் போட்ட இடத்துக்குள் விறகுக்கோ மாட்டுக்கோ போகாதீர்கள். பழைய இரும்பு என்று எதையும் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். இந்தப் பாடத்தைப் பிறர் காலையும் கையையும் கொடுத்து ஏற்கனவே நமக்காகக் கற்றுவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும், போகம் தொடங்குமுன் ஒரு கூட்டத்தை "போன முறை எது பிழைத்தது" என்பதற்கு ஒதுக்குங்கள். யார் பிழை என்று கேட்க வேண்டாம், எது பிழைத்தது என்று கேளுங்கள். ஒருவர் வாய்திறந்து சொன்னால் பத்துக் குடும்பத்தின் விதைநெல் தப்பும். அப்படிச் சொல்பவரைப் பார்த்துச் சிரிக்காத ஊராக நம் ஊர் இருக்கட்டும்.