மனநோயாளர் அருகில் ஒரு துணை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நோயாளரைப் பார்க்கப் போவது எமக்குப் பழகிய தருமம். காய்ச்சல் என்றால் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போகிறோம்; கால் முறிந்தவரின் கட்டிலருகே இருந்து நெடுநேரம் கதைக்கிறோம். சித்தம் கலங்கியவர் இருக்கும் வீட்டுக்கோ எவரும் போவதில்லை. வீட்டாரும் அழைப்பதில்லை, வெட்கப்பட்டு அறைக்கதவைச் சாத்திவிடுகிறார்கள். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையே வசையாகச் சொல்லிப் பழகிய நாடு இது. இறைவனைப் பித்தன் என்று வாயாரப் பாடும் நாம், அயலிலுள்ள பித்தரைக் கண்டால் வீதியின் மறுகரைக்குப் போய்விடுகிறோம்.

இதை எண்ணியே இன்று ஒருவருடைய பணியை எடுத்துச் சொல்ல முன்வந்தோம். அவர் எம் சமயத்தவர் அல்லர். எம் நாட்டவரும் அல்லர். அன்ரன் பொய்சன் என்பது பெயர். 1876இல் அமெரிக்காவில் பிறந்தவர். காட்டியல் கற்று, பின்னர் கிறிஸ்தவ குருவானவர். 1920ஆம் ஆண்டில், நாற்பத்து நான்காம் வயதை எட்டும் வேளையில், உலகுக்குப் பேரழிவு வரப்போகிறது என்ற எண்ணம் திடீரென அவரைப் பற்றிக்கொண்டது. மனநோய் வைத்தியசாலையிற் சேர்த்தார்கள். ஏறக்குறையப் பதினைந்து மாதம் அங்கே இருந்தார். உணவும் படுக்கையும் கிடைத்தன. ஆனால், தாம் கண்டதும் அஞ்சியதும் என்னவென்று அருகிருந்து கேட்பார் எவருமில்லை என்பதே அவருடைய பெருங்குறையாயிற்று.

குணமடைந்து வெளியே வந்தவர் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. மேலை நாடுகளில் வைத்தியசாலை, சிறைச்சாலை, படை முதலிய இடங்களிற் சமயத் துணைக்கென ஒரு குருவை நியமிப்பது வழக்கம்; அப்பதவிக்குச் சப்ளின் என்று பெயர். 1924இல் வூஸ்ரர் நகரத்து அரசாங்க மனநோய் வைத்தியசாலையிற் பொய்சன் சப்ளினாக அமர்ந்தார். அடுத்த ஆண்டுக் கோடை விடுமுறையில் நான்கு சமயக் கல்லூரி மாணவர்களை அங்கே அழைத்தார். பிரசங்கம் செய்வதற்கு அன்று! பகலில் அவர்கள் விடுதிப் பணியாளராக நோயாளருடனேயே இருந்து வேலை செய்யவேண்டும். கண்டதையும் கேட்டதையும் பின்னர் எழுதி ஆராயவேண்டும். சமய நூலைப் படிப்பதுபோலவே துன்புறும் மனிதனையும் கவனமாகப் படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. குழப்பமான பேச்சிலும் பொருள் உண்டு என்று அவர் நம்பினார். பாவம் செய்தேன், எனக்கு மன்னிப்பில்லை என்று ஒருவர் அரற்றினால், நாம் உடனே, அப்படியெல்லாம் இல்லை, தைரியமாயிரும் என்போம். அவரோ, எந்தப் பாவம் என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பார்.

இன்னொன்று எம் மனத்தைத் தொட்டது. தேவாலயப் பாடல்கள் பலவற்றிற் பகைவரும் போரும் வருவதை அவர் கவனித்தார். தம்மைச் சுற்றிப் பகைவர் நிற்கிறார்கள் என்று நடுங்குபவர் கையில் அப்பாட்டைக் கொடுக்கலாமா? ஆறுதலும் நம்பிக்கையும் தரும் பாடல்களைத் தெரிந்தெடுத்து நோயாளருக்கென்றே ஒரு தொகுதி செய்தார். கோயில்களிற் பண்ணோடு பாடும் எம் இளைஞர் இதனைச் சற்றுச் சிந்திக்கவேண்டும்.

பொய்சன் சொன்ன யாவும் சரியென்று நாம் கொள்ளவில்லை. மனநோய்களிற் சில, ஆன்மா தன் சிக்கலைத் தீர்க்க முயலும் போராட்டம் என்று அவர் எழுதினார். அவரை ஆதரித்த டொக்டர் றிச்சார்ட் கபற், மனநோய்க்கு உடலே காரணம் என்று மறுத்தார். 1930இலும் 1935இலும் பொய்சனுக்கு நோய் திரும்பி வந்தது. அதைக் கண்டு பலர் விலகினர். ஆயினும் தேறியபின் மீண்டும் பணிக்கு வந்தார். 1950களில் வந்த மருந்துகள் பல்லாயிரவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. ஆகவே மருந்தை நிறுத்தச் சொல்லும் பக்தியை நாம் பக்தி என்று ஏற்கமாட்டோம். வைத்தியர் செய்வது ஒன்று, அருகிருப்பவர் செய்வது மற்றொன்று, இரண்டும் வேண்டும்.

வழிபாட்டுத் தலத்தை நாடிப் பிணியாளரை அழைத்துச் செல்வது தமிழருக்குப் புதிதன்று. அதில் இருவகை கண்டோம். தமிழ்நாட்டு ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆந் தேதி ஒரு காப்பகத்திற் தீப்பற்றியது. பெரும்பாலோர் சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டனர். மறுபுறம், வேலாயுதம்பாளையம்புதூரிலுள்ள முத்துசுவாமி கோயிலிற் தங்கிய 31 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். காலைப் பூசை, கோயிலைக் கூட்டுதல், செடிக்கு நீர் வார்த்தல், அவ்வளவே. நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. முப்பத்தொருவர் சிறு தொகைதான்; அதைக்கொண்டு பெரிய முடிவு கட்டலாகாது. ஆனால் அங்கே எவரும் பேயோட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பொய்சன் 1932இல் இல்லினோய் மாநிலத்து எல்ஜின் வைத்தியசாலைக்கு மாறினார். 1965இல் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடாயிருந்தது.

இளைஞர்களே, சிறிய அளவிற் தொடங்கலாம் என்பது எம் விருப்பம். இருவர் இருவராகப் போகவேண்டும். வைத்தியர், தாதிமாரின் அனுமதி பெற்றே போகவேண்டும். ஒருவர் குரல் கேட்கிறது என்றால் இல்லை என்று வாதாட வேண்டாம். அந்தக் குரல் அவருக்குத் தரும் பயத்தைப் பற்றிக் கேளுங்கள். திருநீறு வேண்டுமென்று அவர் கேட்டாற் கொடுங்கள். கேளாவிட்டாற் பையிலேயே இருக்கட்டும். வருகிறேன் என்று சொன்ன கிழமையில் தவறாமற் போங்கள். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். முதல் ஆறு மாதத்துக்குப் பிரசங்கம் எதுவும் வேண்டாம்.