முதலில் ஒரு தாள்



ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். டோக்கன் வாங்க வேண்டும். டீசலும் ஐஸும் ஏற்ற வேண்டும். கிழக்கே இந்தியாவும் இலங்கையும் 1974-இல் வகுத்த எல்லைக்கோடு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். இத்தனை விதிகள் உள்ள தொழிலை வீடியோ கேமாக்க நம் பிள்ளைகள் ஆசைப்பட்டால், எங்கே தொடங்குவது?

ஒரு தாளில் தொடங்கலாம். அதில் எழுத வேண்டியது மூன்று: ஆடுபவர் என்ன செய்கிறார், எது தடுக்கிறது, எப்போது ஜெயிக்கிறார்.

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டின் கட்டங்களை அதை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுக்காவும் கிராஃப் தாளில்தான் வரைந்தார்கள். டூம் விளையாட்டுக்காக அதன் வடிவமைப்பாளர் டாம் ஹால் 1992-இல் பெரிய ஆவணமே எழுதினார். ஆனால் கதையும் பாத்திரங்களுமாக அதிலிருந்த பெரும்பகுதியைக் குழு கைவிட்டது. 2023-இல் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா' விளையாட்டு ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை; அதில் ஆட்டத்தின் வேலை ஒரே வரியில் அடங்கும்: அம்மாவின் சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டே அதற்குப் பாஃப்டா விருது கிடைத்தது.

நம் கடல் விளையாட்டுக்கும் அப்படி எழுதிப் பார்ப்போம். ஆடுபவர் படகின் டிரைவர். தூரம் போகப் போக மீன் கூடும். டீசல் குறையும், ஐஸ் கரையும், எல்லை நெருங்கும். மறுநாள் காலைக்குள் மீன் கெடாமல் கரை சேர்ந்தால் வெற்றி.

இனி கிராஃப் தாளில் கடலை வரையுங்கள். சோழிதான் படகு, தாயக்கட்டையை உருட்டி மீன்பாடு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு லிட்டர் டீசல் போகட்டும். நண்பனை ஆடச் சொல்லுங்கள். அவன் யோசிக்காமல் எல்லைவரை போய்த் திரும்பிவிட்டால் டீசலை அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். குறையுங்கள். மாற்றியதைத் தேதி போட்டுத் தாளிலேயே எழுதுங்கள். ஏன் மாற்றினோம் என்பது அடுத்த மாதம் மறந்துபோகும்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்த பிறகு அந்தத் தாள் கூகுள் டாக்ஸுக்குப் போகலாம். யார் படம் வரைவது, யார் ஒலி சேர்ப்பது என்பதை ட்ரெல்லோ செயலியில் 'செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது' என்று பிரித்து வைக்கலாம். நிரலின் பழைய வடிவங்களைக் கிட் (Git) என்ற மென்பொருள் பத்திரப்படுத்தும். ஆனால், ஆட்டம் சுவையாக இருக்கிறதா என்று இவற்றில் எதுவும் சொல்லாது. சோழியை நகர்த்திய நண்பன் "இன்னொரு தடவை ஆடலாமா?" என்று கேட்கட்டும், அதன்பின் கம்ப்யூட்டரைத் திறங்கள்.