மகுடத் தமனியின் படம்



நமது இருதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடல் முழுமைக்கும் இரத்தம் அனுப்பும் அவ்வுறுப்புக்கும் இரத்தம் வேண்டுமன்றோ? அதனை அளிக்கும் குழாய்கள் இருதயத்தை மகுடம்போல் சூழ்ந்திருப்பதால் மகுடத் தமனிகள் எனப்படுகின்றன. இவற்றின் சுவரில் கொழுப்புப் படிவதும், நாளடைவில் அப்படிவில் சுண்ணாம்புச் சத்துச் சேர்வதும் பல ஆண்டுகள் ஓசையின்றி நடைபெறுகின்றன. சிலருக்கு மாரடைப்பே நோயின் முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிய இயலாதா? வயது, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைபிடித்தல் முதலியவற்றைக் கொண்டு அதனைக் கணிக்கும் முறை, 1948-ல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. ஆயினும், கணக்கில் ஒத்த இருவருடைய தமனிகளும் ஒத்திருக்கும் என்பதற்கில்லை. ஆகவே, தமனியையே கண்ணால் காண அறிஞர் விழைந்தனர்.

1990-ல் ஆர்தர் அகட்ஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவர்களும், சி.டி. படத்தில் வெண்மையாகத் தோன்றும் சுண்ணாம்புப் படிவை எண்ணால் அளக்கும் முறையை வெளியிட்டனர். அந்த எண் சுழியமாயின், அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. 300-ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி. ஆனால், சுண்ணாம்பு சேராத மென்மையான கொழுப்புப் படிவு இம்முறைக்குப் புலப்படாது. அதனைக் காண, இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும்.

படம் எடுத்தால் உயிர் பிழைக்குமா? இக்கேள்விக்கு விடை தேடியது ஸ்காட்லாந்து. நெஞ்சு நோவுடன் மருத்துவமனைக்கு வந்த 4,146 பேரை, குலுக்கல் முறையில் இரு சம கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார்க்கு வழக்கமான பரிசோதனை மட்டும். மற்றவர்க்கு அத்துடன் தமனிப் படமும். ஐந்தாண்டு முடிவு 2018-ல் வெளியாயிற்று. மாரடைப்புற்றோரும் மகுடத் தமனி நோயால் இறந்தோரும் முதற் கூட்டத்தில் 81 பேர். படம் எடுக்கப்பட்ட கூட்டத்தில் 48 பேரே.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. படம் எடுக்கப்பட்டவர்களுக்கு அறுவை முதலிய சிகிச்சைகள் மிகுதியாக நடைபெறவில்லை. நோய் உண்மையில் எவருக்கு உள்ளது என்பது தெளிவானதால், கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்தும் இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தும் உரியவர்களைச் சென்றடைந்தன. படம் நோயைத் தீர்ப்பதில்லை. படம் கண்டபின் செய்யும் செயலே தீர்க்கிறது.

சி.டி. படத்தில் எக்ஸ் கதிர்கள் உடலுள் பாய்கின்றன. எனவே, மருத்துவர் அறிவுரையின்றி எவரும் அதனை நாடுதல் தகாது. இளைஞராகிய உங்களுக்குப் பெரும்பாலும் அது தேவையும் இல்லை. ஆனால், முதுமையில் எடுக்கும் படத்தில் தோன்றும் வெண்புள்ளிகளுக்கு இளமையிலேயே வித்து இடப்படுகிறது. புகையிலையை அணுகாதீர்கள், நாள்தோறும் ஓடி விளையாடுங்கள், அளவறிந்து உண்ணுங்கள். தமனியைத் தூய்மையாகக் காக்கும் பணி இன்றே தொடங்க வேண்டியது.