மலிவு விலை அங்காடியின் விற்பனை ஏன் சரிகிறது?

(தருமபுரியில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வணிகம் பற்றிச் சிறிது நேரம் உரையாற்றுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தனர். தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் ஆகிய ஊர்களில் மளிகைக் கடை நடத்தும் குடும்பங்களில் இன்று ஒரு கவலை நிலவுகின்றது. "பெரிய அங்காடி வந்துவிட்டது. அச்சிட்ட விலையினும் குறைத்து விற்கிறார்கள். இனி நாம் எவ்வாறு நிற்பது?" என்பது அக்கவலை. வேறு சில இல்லங்களிலோ பட்டம் பெற்ற பிள்ளைகள், "நாமும் கடன் வாங்கிப் பத்துக் கிளைகள் திறந்தால் என்ன?" என்று தந்தையரைக் கேட்கின்றனர். ஒன்று அச்சம், மற்றொன்று ஆசை. இரண்டிற்கும் விடை காண வேண்டுமாயின், மலிவு விலைப் பேரங்காடி ஒன்றின் விற்பனை எக்காரணத்தால் சரிகின்றது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதற்கண் அத்தகைய அங்காடியின் கணக்கைப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டாக, 90 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை அங்காடி 100 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். வாடகை, சம்பளம், மின்கட்டணம், வண்டிக்கூலி ஆகியவற்றிற்கு 8 ரூபாய் போக, மிஞ்சுவது 2 ரூபாய். விற்பனை நாலில் ஒரு பங்கு குறைந்தால் என்னாகும்? 75 ரூபாய் விற்பனையில் கிடைக்கும் வரவு ஏழரை ரூபாய். வாடகையும் சம்பளமும் குறையா. செலவு அதே 8 ரூபாய். இலாபம் போய் நட்டம் வந்துவிடுகிறது. நூற்றுக்குப் பதினாறு ரூபாய் வைத்து விற்று, பன்னிரண்டு ரூபாய் செலவு செய்யும் தெருமுனைக் கடைக்காரர், அதே அளவு விற்பனை குறைந்தாலும் முதலுக்கு மோசமின்றி நிற்பார். ஆகவே மலிவு அங்காடி வலிமைமிக்கது போலத் தோன்றினும், விற்பனைச் சரிவைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு.

இத்துணை சிறிய இலாபத்தில் அது எவ்வாறு வளர்கிறது என்ற வினா எழும். அதன் விடை தவணையில் உள்ளது. மொத்த வணிகர் முப்பது நாள் தவணையில் சரக்குக் கொடுக்கிறார். அங்காடி அச்சரக்கைப் பதினைந்து நாளில் விற்றுவிடுகிறது. எஞ்சிய பதினைந்து நாள்கள் பிறருடைய பணம் அங்காடியின் கையில் இருக்கிறது. நூறு கடைகள் இருப்பின் அத்தொகை மிகப் பெரிது. அதனைத் தன் பணம் என்று கருதிப் புதிய கிளைக்கு முன்பணமாகக் கொடுக்கும் ஆசை இங்குதான் பிறக்கின்றது. விற்பனை விரைவாக நடக்கும் வரையில் குறை ஒன்றும் தெரியாது. பதினைந்து நாளில் விற்ற சரக்கு நாற்பது நாளில் விற்கத் தொடங்கினால், விற்பதற்கு முன்பே தவணை வந்து நிற்கும். கையிலோ பணம் இராது. அது புதிய கிளையின் சுவரிலும் அலமாரியிலும் உறைந்து கிடக்கும்.

இதனை நம் தமிழ்நாட்டிலேயே கண்டோம். 1997ஆம் ஆண்டு சென்னை திருவான்மியூரில் சுபிக்‌ஷா என்னும் அங்காடி தொடங்கப்பெற்றது. ஆடம்பரமில்லாத சிறிய கடை. குளிர்சாதன வசதி இல்லை. குடியிருப்புகளுக்கு நடுவே குறைந்த வாடகையில் இடம். மளிகையும் மருந்தும் அச்சிட்ட விலையினும் குறைவு. நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வந்தன. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் ஏற்பட்டன. அது வரையில் அஃது ஒரு நல்ல வணிகம். சிக்கனத்தால் பெற்ற பயனை வாங்குவோர்க்கும் பகிர்ந்தளித்த வணிகம்.

அதன்பின் வேகம் கூடியது. பிற மாநிலங்களில் நூற்றுக்கணக்கில் கடைகள் திறக்கப்பட்டன. காய்கறி, பழம், கைப்பேசி என்று பொருள் வகைகளும் பெருகின. 2008ஆம் ஆண்டில் கடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1600. ஐசிஐசிஐ வென்ச்சர், அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் ஆகியவை பங்கு கொண்டிருந்தமையால் எவரும் ஐயுறவில்லை. எனினும் இவ்விரிவின் பெரும்பகுதி கடனால் நிகழ்ந்தது. கடன் எழுநூறு கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்து, உலகெங்கும் கடன் கிடைப்பது அரிதாயிற்று. வரவேண்டிய புதிய முதல் வரவில்லை. சரக்குக் கொடுத்தவர்க்கும் கட்டட உரிமையாளர்க்கும் ஊழியர்க்கும் பணம் நின்றது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடைகள் நாடெங்கும் மூடப்பட்டன. பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டது. சுபிட்சம் என்னும் சொல்லைப் பெயராகக் கொண்ட கடை பன்னிரண்டு ஆண்டுகளில் மறைந்தது.

அதன் விற்பனை ஏன் சரிந்தது? விலை ஏறியதாலா? இல்லை. வேறொருவர் அதனினும் மலிவாக விற்றதாலா? அதுவும் முதற்காரணம் இல்லை. அலமாரி வெறுமையானதே காரணம். பணம் வராத மொத்த வணிகர் முதலில் நிறுத்துவது விரைவில் விற்கும் சரக்கை. எண்ணெய், பருப்பு, சர்க்கரை, சோப்பு ஆகியவை போய்விடும். எவரும் கேளாத சரக்கு மட்டும் அடுக்கில் தங்கும். பத்துப் பொருள் எழுதிய சீட்டுடன் வரும் இல்லத்தரசிக்கு ஐந்தே கிடைத்தால், அடுத்த மாதம் அவர் பத்துப் பொருளுக்கும் வேறு கடைக்குச் செல்வார். விற்பனை மேலும் குறையும். பணம் மேலும் சுருங்கும். மேலும் சில வழங்குநர் விலகுவர். ஒவ்வொரு சுற்றிலும் சரிவு விரைவாகும். நாம் கண்ணால் காணும் விற்பனைச் சரிவு இந்நோயின் பிற்பகுதி. அதன் தொடக்கம், கொடுக்க வேண்டியதைக் கொடாமல் தள்ளிப்போட்ட முதல் நாளில் இருக்கிறது.

கடல் கடந்த சான்று ஒன்றையும் கூறுவேன். அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு கேமார்ட், வால்மார்ட் என்னும் இரு மலிவு அங்காடிகளும் தோன்றின. கேமார்ட் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்தது. தள்ளுபடி விளம்பரத் தாள்களை வீடுதோறும் அனுப்பி மக்களை அழைத்தது. வந்தவர்களுக்கோ விளம்பரப்படுத்திய பொருள் அடுக்கில் இல்லை என்ற குறை ஓயவில்லை. வால்மார்ட் கிடங்குகளையும் சரக்குக் கணக்கையும் செம்மை செய்துகொண்டது. 2002 ஜனவரியில் கேமார்ட்டுக்கு உணவுப் பொருள் வழங்கி வந்த ஃப்ளெமிங் என்னும் நிறுவனம், பணம் வராமையால் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. மறுநாளே கேமார்ட் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நாற்பதாண்டுப் பெரு நிறுவனமாயினும், வழங்குநரின் நம்பிக்கை முறிந்தபின் ஒரு நாள் நிற்க இயலவில்லை.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு தோன்றிய பிக் பஜாரையும் நீங்கள் அறிவீர்கள். குடியரசு நாளையொட்டிய அதன் தள்ளுபடி விற்பனையில் கூட்டம் அலைமோதியது. ஆயினும் நிறுவனத்தின் மேல் கடன் குவிந்திருந்தது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு விற்பனையை முடக்கியபோது அக்கடன் தாங்கொணாச் சுமையாயிற்று. ரிலையன்ஸுக்கு விற்க முயன்றபோது அமேசான் வழக்கிட்டது. வழக்கு நீள நீளச் சரக்கு குறைந்தது. 2022ஆம் ஆண்டில் பல கடைகள் வாடகை உரிமையுடன் ரிலையன்ஸ் வசம் சென்றன. நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று.

இதற்கு மாறாக டி-மார்ட் என்னும் அங்காடியை நோக்குங்கள். 2002இல் மும்பையில் முதற்கடை திறந்தது. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை. வழங்குநர்க்கு விரைந்து பணம். அதனால் மேலும் குறைந்த கொள்முதல் விலை. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பதினைந்து ஆண்டுகளில் அது திறந்திருந்த கடைகள் ஏறத்தாழ 130. பன்னிரண்டு ஆண்டுகளில் 1600 கடைகள் கண்ட நிறுவனம் இன்று இல்லை. பதினைந்து ஆண்டுகளில் 130 கண்ட நிறுவனம் இன்றும் வளர்கிறது. ஆயினும் அதற்கும் கவலை இல்லாமல் இல்லை. வீட்டு வாசலுக்கே மளிகை கொணரும் இணையவழி வணிகம் பெருநகரக் கடைகளைத் தாக்குகிறது என்று 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே கூறிற்று. சரக்கும் விலையும் குறைவின்றி இருப்பினும், வாங்குவோரின் பழக்கம் மாறினால் விற்பனை தளரும் என்பதற்கு இது சான்று.

இன்னொரு காரணம் நம் மாவட்டத்தார் நன்கறிந்தது. வாங்குவோர் கையில் பணம் இல்லையேல் எவ்வளவு மலிவும் பயன் தராது. பாலக்கோட்டில் தக்காளி விலை வீழ்ந்தாலும், மாங்காய் விளைச்சல் பொய்த்தாலும், பட்டுக்கூட்டின் விலை இறங்கினாலும் அவ்வாரமே கடைவீதி அடங்கிவிடுகிறது. அத்தகைய காலத்தில் தெருமுனைக் கடைக்காரர் முகம் அறிந்து கடன் கொடுப்பார். ஐந்து ரூபாய்க்கும் பொட்டலம் கட்டுவார். பேரங்காடி அதனைச் செய்யாது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்னும் அதன் முறை, கையில் மாதச் சம்பளம் உள்ளவர்க்கு ஏற்றது. நாட்கூலி பெறுவோர்க்கு ஏற்றதன்று.

அவையோரே, பேரங்காடி வீழ்ந்தால் நமக்கு நன்மை என்று மகிழ்தற்கு இதில் ஒன்றுமில்லை. சிறு கடைகளை மூடச்செய்த பின் அதுவும் மூடப்படுமாயின், ஓர் ஊர் இரண்டையும் இழக்கும். அங்கே பணி செய்த நம் வீட்டுப் பிள்ளைகள் சம்பளம் இழப்பர். சரக்குக் கொடுத்த சிறு உற்பத்தியாளர் முதல் இழப்பர். ஊறுகாய் போடும் மகளிர் குழுவும், காய்கறி அனுப்பிய உழவரும் நீதிமன்ற வாயிலில் வங்கிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டிவரும். பெரியவர்தம் கடனுக்கு ஈடு உண்டு. சிறியவர் கொடுத்த தவணைக்கு ஈடு ஏது?

எனவே கடை நடத்துவோர்க்கு என் வேண்டுகோள் இது. பேரங்காடியுடன் விலையில் போட்டியிடாதீர்கள். அவ்விலை தாங்கும் கணக்கு உங்களிடம் இல்லை. உங்கள் வாடிக்கையாளர் வாரந்தோறும் கேட்கும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றேனும் ஒரு நாளேனும் இல்லை என்று சொல்லாதிருங்கள். மொத்த வணிகர்க்குச் சொன்ன நாளில் பணம் கொடுங்கள். தட்டுப்பாடு வருங்கால் முதல் மூட்டை உங்கள் கடைக்கே வரும். முகம் பார்த்துக் கடன் கொடுங்கள். ஆனால் கணக்கெழுதிக் கொடுங்கள்.

பேரங்காடிக்குச் சரக்கு வழங்குவோர்க்கு: ஒருவரிடமே முழுச் சரக்கையும் ஒப்படைக்காதீர்கள். இழந்தாலும் தொழில் நிற்காத அளவே தவணையில் இருக்கட்டும். முப்பது நாள் தவணை நாற்பத்தைந்தானால் காரணம் கேளுங்கள். அறுபதானால் வண்டியை நிறுத்துங்கள். அங்காடியின் நிலையை அதன் விளம்பரத்தில் தேடாதீர்கள். எண்ணெயும் சர்க்கரையும் இருக்கும் அடுக்கை நேரில் சென்று பாருங்கள்.

கிளை திறக்க விழையும் இளைஞர்க்கு: முதற்கடையின் சொந்த இலாபத்தால் இரண்டாவது கடையைத் திறவுங்கள். வழங்குநரின் பணம் கைமேல் இருப்பதை இலாபம் என்று எண்ணாதீர்கள். ஆறு மாதம் விற்பனை நாலில் ஒரு பங்கு குறைந்தாலும் வாடகையும் சம்பளமும் கொடுக்க இயலுமா என்று கணக்கிடுங்கள். இயலாதெனில் அக்கிளை உங்களுக்குரியது அன்று. இல்லறத்தார்க்கு நம் முன்னோர் விதித்த ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்று. எவ்வளவு வேண்டும் என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்ளும் அந்நெறியை, எவ்வளவு கடன், எத்தனை கிளை என்னும் வினாக்களுக்கும் பொருத்திப் பாருங்கள்.

விலை குறைத்து விற்பது திறமை. அக்குறைந்த விலையிலும் கொடுக்க வேண்டியவர்க்கு நாள் தவறாது கொடுப்பது வணிகம். முன்னதை மட்டும் கற்றவரின் கடையில் கூட்டம் சில காலம் இருக்கும். பின்னதையும் கற்றவரின் கடையில் சரக்கு என்றும் இருக்கும்.